பத்து இருந்த இடத்தில் பதினைந்து

போன மாசம் நான் வேலை செய்த கம்பனிக்கு ஒரு புது விமானம் வந்தது. பார்க்க வரச்சொல்லி ஹங்கரிலிருந்து, அதுதான் விமானக் கொட்டகையிலிருந்து, போன் எடுத்தார்கள். செட்டிபாளையத்தில் பஸ் ஏறிப் போனேன். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் வாசல் காவலாளி என் பெயரைச் சொல்லித்தான் உள்ளே விட்டார்.

விமானத்துக்குள் ஏறி இருந்ததும், பழக்கத்தில் என் வலக்கை தானாகவே முன் பலகையின் அடிப்பக்கத்தைத் தேடிப் போனது. அங்கே தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. பிரேக்கர் வரிசை இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. எல்லாம் திரைக்குள் போய்விட்டதாம். எந்த வழியில் மின்சாரம் மிஞ்சினாலும் விமானமே அதை வெட்டிவிட்டுத் திரையில் பெயரைக் காட்டும்.

"இனி உங்கட காலத்துப் பிரச்சினையெல்லாம் வராது அண்ணன்" என்றான் கூட நின்ற ஹங்கர்ப் பொடியன். "அந்த பிளப் பிரேக்கர் கதைய எழுதித் தாங்களன். இஞ்ச ஆளுக்கொரு மாதிரிச் சொல்றாங்க. ஒருத்தன்ட கதையில பிளேன் நடுவானத்தில பத்தியே போச்சு."

பற்றவில்லை. ஆனால் நடந்தது சின்ன விஷயமுமில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. பிழையாகப் பரவுவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் பிரேக்கர் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். வீட்டில் மழை நாளில் 'டப்' என்று விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதன் சின்ன உருவம்தான். சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசு. சின்ன விமானத்தில் விளக்குக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, மோட்டருக்கு ஒன்று என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளையில் ஒரு எண்: ஐந்து, பத்து, பதினைந்து. அதுதான் அது தாங்கும் அம்பியர். அதற்கு மேல் ஓடினால் உள்ளே சூடேறி, பொத்தான் வெளியே துள்ளி நிற்கும். கழுத்தில் வெள்ளை வளையம் தெரியும்.

கல்முனையில் மோட்டர் சுற்றும் கடையில் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு, கொழும்புப் பக்கம் ஒரு பறப்புப் பள்ளியில் உதவியாளாகச் சேர்ந்தேன். போன முதல் கிழமை அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒரு பிரேக்கரைக் காட்டி, "இது எதைக் காப்பாத்துது?" என்று கேட்டார். "ரேடியோவை சேர்" என்றேன். "ரேடியோ பழுதாகித்தான் இது வெட்டுது. செத்ததை என்னத்துக்குக் காப்பாத்திறது? இது காப்பாத்திறது வயரை." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தில் வயர் போகும் வழியெல்லாம் வேறு வயர் போகும், துணி இருக்கும், எண்ணெய்க் குழாய் இருக்கும். புகை வந்தால் ஓரமாக நிறுத்தி இறங்க முடியாது. அதனால் வயர் எவ்வளவு மெல்லியதோ அதற்கேற்றதாகத்தான் பிரேக்கரின் எண் இருக்கவேண்டும். வெட்டிவிட்டால், ஆறவிட்டு, கட்டாயம் தேவையென்றால் மட்டும் ஒரே ஒரு தரம் உள்ளே அமத்தலாம். பிறகும் வெட்டினால் தொடக்கூடாது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு நாள் போனது. லைசன்ஸ் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ் பண்ண ஏழு வருஷம் போனது. இரண்டு தரம் பெயிலும் விட்டேன்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் மட்டக்களப்பில் இரண்டு சின்ன விமானங்களோடு ஒரு கம்பனி தொடங்கினார்கள். உல்லாசப் பயணிகள், அவசரமாகக் கொழும்புக்குப் போகும் ஆட்கள், இடைக்கிடை ஆஸ்பத்திரி நோயாளிகள். ஊர்ப்பக்கம் வேலை கிடைத்ததே பெரிசென்று வந்து சேர்ந்தேன். அங்கேதான் மகேசனைச் சந்தித்தேன். குருக்கள்மடத்து ஆள், என்னை விடப் பத்து வயது இளமை. ரேடியோ திருத்தும் கடையிலிருந்து வந்தவன். அவனுடைய கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஈயம் பற்றவைத்தால் ஒரு மணி கூடவோ குறையவோ இராது. அவனும் நானும் எட்டு வருஷம் ஒரே மேசையில் வேலை செய்தோம்.

வாவிக்கரையில் விமானம் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு பக்கம் வாவிக் காற்று, மறுபக்கம் கடல் காற்று. செம்பெல்லாம் பச்சை பிடிக்கும். ஒரு முறை இறங்கும் விளக்கின் பிரேக்கர் சும்மா சும்மா வெட்டியது. மூன்று நாள் வயரெல்லாம் தேடினேன், பிழையில்லை. கடைசியில் பிரேக்கரையே கழற்றி மேசையில் வைத்து அளந்தேன். ஐந்து தாங்கவேண்டியது மூன்றரைக்கே வெட்டியது. வயது போய்க் களைத்துவிட்டது. அதே எண்ணில் புதிசு போட்டதும் சரியாகிவிட்டது. அந்தக் கதையை நான் சாப்பாட்டு மேசையில் ஒரு ஐம்பது தரமாவது சொல்லியிருப்பேன். "வயரைக் குறை சொல்லாத, சில வேளை பிரேக்கர்தான் கள்ளன்" என்று முடிப்பேன். மகேசன் ஒவ்வொரு தரமும் சிரித்துக்கொண்டு கேட்பான். மூன்று நாள் வயர் தேடியதை நான் சொல்லும்போது குறுக்கிச் சொல்வேன். மேசையில் வைத்து அளந்ததை நீட்டிச் சொல்வேன். அது எவ்வளவு பிழையான கதை சொல்லல் என்று பிறகுதான் விளங்கியது.

பிறகு எங்களுக்குப் புதுத் தலைமை எஞ்சினியர் வந்தா. பரீதா மிஸ். காத்தான்குடிப் பிள்ளை, என்னை விடப் பதினைந்து வயது இளமை. வெளிநாட்டில் படித்து அங்கேயே லைசன்ஸ் எடுத்தவ. பொம்பிளைப் பிள்ளைக்குக் கீழே வேலையா என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். ஒரு கிழமையில் நின்றுபோனது.

அவ வேலை தொடங்குகிற முறையே வேறு. முதலில் மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி ஒரு தகர ரின்னில் போடுவா. பட்டரி இணைப்பைத் தன் கையாலே கழற்றுவா. விமானி பிடிக்கும் கைப்பிடியில் சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவா. பிறகு ஒன்றையும் தொடமாட்டா. பலகைக்குக் கிட்டக் குனிந்து மணந்து பார்ப்பா. எரிந்த வயரின் மணம் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும் என்பா. அதன் பிறகுதான் டோர்ச் லைற். ஒரு ஆள் வரைபடத்தைப் பிடிக்க, மற்ற ஆள் பிரேக்கர் தலையைத் தொட்டு எண்ணை வாய்விட்டு வாசிக்கவேண்டும். கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் ஏற்கமாட்டா.

ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அதுதான் பயம். நாம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு "மறுகா?" என்பா, பிறகு என்ன என்று. மிச்சத்தைச் சொல்வோம். திரும்பவும் "மறுகா?" சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகிற இடத்தில்தான் நாம் பார்க்காமல் விட்டது வெளியில் வரும். விமானத்தின் பழுதும் திருத்தமும் எழுதும் லொக் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வாசிப்பா. முன்னிருந்து வாசித்தால் கதையாகப் போய்விடும், கண் ஓடிவிடும் என்பது அவவின் எண்ணம்.

அந்த வருஷ மாரியில் வெள்ளம் வந்தது. கொழும்புக்குப் போகிற ரோட்டெல்லாம் தண்ணீருக்குள். ஒரு விமானம் பெரிய சோதனைக்காகக் கழற்றிக் கிடந்தது. மற்றதுதான் மருந்து கொண்டுவந்தது, நோயாளி கொண்டுபோனது. ஒரு நாளைக்கு மூன்று பறப்பு. பரீதா மிஸ் வேலையாகக் கொழும்புக்குப் போய், திரும்பும் பறப்பெல்லாம் மருந்துக்கே இடம் பற்றாததால் அங்கே மாட்டிக்கொண்டா. ஹங்கரில் நானும் மகேசனும் இரண்டு உதவியாட்களும்தான்.

அந்த நேரம் பிளப் மோட்டரின் பிரேக்கர் வெட்டத் தொடங்கியது. பிளப் என்பது இறக்கையின் பின்பக்கத்தில் இறங்குகிற தட்டு. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும். ஒரு திங்கட்கிழமை வெட்டியது. கப்டன் அருள் ஆறவிட்டு ஒரு தரம் அமத்தினார், வேலை செய்தது. புத்தகத்தில் எழுதினார். நான் தரையில் வைத்து மோட்டரை ஓடவிட்டு அளந்தேன். எல்லாம் சரி. 'பரிசோதித்தேன், பிழை காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். புதன்கிழமை திரும்பவும் வெட்டியது. திரும்பவும் அளந்தேன், திரும்பவும் அதே வசனம். மூடிகளைக் கழற்றி வயரை முழுக்கப் பார்க்கவேண்டும் என்று தெரியும். அதற்கு அரை நாள் வேண்டும். அரை நாள் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வெட்டவில்லை. எல்லோருக்கும் ஆறுதல். சனிக்கிழமை ஐம்பது மணித்தியாலச் சோதனை வந்தது. அந்தப் படிவத்தில் பிரேக்கர் பலகைக்கென்று ஒரு வரி இருக்கிறது: நிலை, இறுக்கம், எண். எல்லாப் பொத்தானும் உள்ளே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தேன். இருந்தன. கையெழுத்து வைத்தேன். எண்களை வாசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்த பறப்பில் பரீதா மிஸ் வந்திறங்கினா. நேரே போய்ப் புத்தகத்தை எடுத்து, வழக்கம்போலப் பின்னிருந்து வாசித்தா. பதினொன்றரை இருக்கும், எங்களைக் கூப்பிட்டா.

"பிளப் பிரேக்கர் ரெண்டு தரம் வெட்டியிரிக்கி. மறுகா வெட்டல்ல. யாரு திருத்தின?"

"ஒருத்தரும் திருத்தல்ல மிஸ்" என்றேன். "நான் அளந்து பார்த்தன். பிழை இல்ல."

"மறுகா?"

"அதுவா நிண்டிட்டு."

"அதுவா நிண்டிட்டு எண்டு கொப்பியில எழுத ஏலுமா அண்ணன்?"

மகேசன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த பறப்பு எத்தின மணிக்கு?"

"ஒண்டரைக்கு மிஸ். ஆஸ்பத்திரிக் கேஸ்."

"அதுக்குள்ள பலகைய ஒருக்கா வாசிப்பம். வாங்க."

மோதிரமும் மணிக்கூடும் ரின்னில் விழுந்தன. பட்டரி கழன்றது. சிவப்பு அட்டை தொங்கியது. மிஸ் குனிந்து மணந்தா, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு வெளியே படியில் நின்றா. நான் உள்ளே இருந்து வாசிக்கத் தொடங்கினேன். மகேசன் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து லைற் அடித்தான். உள் விளக்கு, ஐந்து. ரேடியோ ஒன்று, பத்து. ரேடியோ இரண்டு, பத்து. என் விரல் பிளப் பிரேக்கருக்குப் போனது. தலையில் பதினைந்து என்று இருந்தது.

மற்றதெல்லாம் பழசு, எழுத்து மங்கியது. இது பளபளவென்று இருந்தது. மூன்று நாளைக்கு முன் இதற்குத்தான் கையெழுத்து வைத்திருந்தேன்.

மகேசனைப் பார்த்தேன். அவன் லைற்றைத் தாழ்த்தினான். என் காதுக்குக் கிட்ட வந்து மெல்லச் சொன்னான்: "அண்ணன், இண்டைக்கு மட்டும் விடுங்க. எங்கட பவளம் டீச்சர். இருதயத்தில பிரச்சினை. அம்புலன்ஸ் வாசல்ல வந்து நிக்கிது. பின்னேரமே நான் மாத்திப்போடுறன்."

பவளம் டீச்சரை எனக்கும் தெரியும். குருக்கள்மடத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவ. மகேசனின் மகள் அவவிடம்தான் படித்தாள். ரோட்டால் கொண்டுபோக வழியில்லை. இதை விட்டால் வேறு விமானமும் இல்லை.

என் விரல் இன்னும் அந்தப் பிரேக்கரின் தலையிலேயே இருந்தது. வெளியிலிருந்து மிஸ் கேட்டா: "பிளப்?"

"பதினஞ்சு மிஸ்" என்றேன். "பத்து இருக்கவேண்டிய இடத்தில பதினஞ்சு இரிக்கி. போட்டது மகேசன். பார்க்காமச் சைன் வெச்சது நான்."

மகேசன் லைற்றை நிப்பாட்டினான்.

மிஸ் படியேறி வந்து தானே பார்த்தா. ஆத்திரமோ திகைப்போ காட்டவில்லை. "ஏன் மகேசன்?" என்று மட்டும் கேட்டா.

"பழசு களைச்சுப்போச்செண்டு நினைச்சன் மிஸ். அண்ணன் முந்தி ஒண்டு அப்பிடிக் கண்டுபிடிச்சவர். ஸ்டோர்ஸில பத்து இல்ல. பதினஞ்சுதான் இருந்திச்சு. பத்து வந்ததும் மாத்துவம் எண்டு..."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல மிஸ். எழுதவும் இல்ல."

அவன் சொன்னது பொய்யில்லை. களைத்த பிரேக்கர் என்று அவன் நினைத்ததற்கு நான் சொன்ன கதைதான் காரணம். ஆனால் பிரேக்கர் களைக்காமல், வயர் எங்கேயோ உரசி அடிபட்டிருந்தால்? பத்து வெட்டுகிற இடத்தில் பதினைந்து பொறுத்துக்கொண்டு நிற்கும். அவ்வளவு நேரமும் வயர் சூடேறும். பிரச்சினை போகவில்லை, சத்தம் மட்டும் நின்றிருக்கிறது.

"வலப்பக்க மூடியக் கழட்டுங்க" என்றா மிஸ். "அவங்களுக்கு நான் போய்ச் சொல்றன்."

"நான் சொல்றன் மிஸ்" என்றேன். என் கையெழுத்தல்லவா.

அம்புலன்ஸுக்குப் பக்கத்தில் டீச்சரின் கணவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வயல் செய்கிற மனிதர். காலில் சேறு காயவில்லை.

"என்ன தம்பி, சுணங்குமா?"

"ஒரு வயர் பார்க்கவேண்டியிரிக்கி ஐயா. ஒரு மணித்தியாலம் போகும்."

"ஒரு மணித்தியாலம் தாங்குவாவா எண்டு டொக்டரிட்டக் கேட்டுச் சொல்றன்." இரண்டடி போய்க் கிறுகித் திரும்பி நின்றார். "வயல் வட்டை எது ரோட்டு எது எண்டு தெரியாமத் தண்ணி நிக்கிது தம்பி. உங்கள விட்டா வேற வழியில்ல. பார்த்துச் செய்யுங்க."

கூட வந்த டொக்டர், ஒரு மணித்தியாலம் பரவாயில்லை, இரண்டு என்றால் யோசிக்கவேண்டும் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தேன்.

மூடியின் திருகாணிகள் உப்பில் இறுகிப்போயிருந்தன. இரண்டை உடைத்துத்தான் எடுத்தோம். கதவுக்கு மேலே, இறக்கை உடம்போடு சேர்கிற இடம். அங்கேதான் பிளப் மோட்டருக்குப் போகும் வயர் ஒரு பிடியால் கட்டியிருக்கும். மூடியை இறக்கியதும் மணம் வந்தது. மிஸ்ஸின் மூக்கு முதலே பிடித்ததுதான். பிடியின் ரப்பர் உக்கிக் கொட்டியிருந்தது. இரும்பு விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு வயர் கரி. அந்தக் கரிக்கும் இறக்கையிலுள்ள எரிபொருள் தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் குழாய்க்கும் இடையில் என் சுண்டுவிரல் அகலம்தான் இருந்தது. குழாயின் மேலும் புகை படிந்திருந்தது.

மிஸ் வெள்ளைத் துணியால் குழாயை மெல்லத் துடைத்தா. நகத்தால் மேலிருந்து கீழாக வருடிப் பார்த்தா. கீறல் இல்லை, கசிவில்லை. துணியை மடித்துப் பையில் போட்டா, விசாரணைக்கு. பிறகு சொன்னா: "மகேசன், நீங்களும் ஏறிப் பாருங்க."

அவன் ஏறிப் பார்த்தான். இறங்கி வந்து சில்லுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் அப்படியே இருந்துவிட்டான்.

மிஸ் கப்டன் அருளைக் கூப்பிட்டா. கரியை அவருக்கும் காட்டினா. "இந்த வயரை இரண்டு பக்கத்திலும் கழட்டி, நுனிய மூடிக் கட்டிருவம். பிரேக்கர வெளிய இழுத்து, ஆரும் அமத்த ஏலாம வளையம் போட்டுப் பூட்டுவம். மின்சாரம் வர வழியே இல்ல. பிளப் இல்லாம இறக்குவீங்களா? நீங்க ஏலா எண்டா நான் பிளேன விடமாட்டன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். கொழும்பில் ஓடுபாதை நீளம், காற்று, பாரம் எல்லாம் கேட்டார். ஒரு தாளில் கணக்குப் பார்த்தார். "பாதை காணும். இறக்குவன்" என்றார்.

மகேசன் எழும்பித் திருகு சாவியை எடுத்தான். வேலையைத் தானே செய்து முடிக்கவேண்டும் என்று அவனுக்கு. மிஸ் கையால் மறித்தா. "நீங்க வேணாம். போய் டீச்சருக்குப் பக்கத்தில இரிங்க. தெரிஞ்ச முகம் ஒண்டு இருந்தா அவக்கு நல்லம்."

நான் கழற்றினேன், மிஸ் பார்த்தா. மிஸ் கட்டினா, நான் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அந்த இடத்திலேயே புத்தகத்தில் எழுதினோம். மகேசன் அம்புலன்ஸுக்குள் இருந்த கதையைப் பிறகு டீச்சரின் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டீச்சருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, மகள் பின்னக் கணக்கில் இன்னும் தடுமாறுகிறாளா என்று கேட்டாவாம்.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும் சுணங்கி விமானம் எழும்பியது. பின்னேரம் கப்டன் செய்தி அனுப்பினார். நல்லபடி இறங்கியிருந்தது. டீச்சருக்கு அன்று இரவே ஒப்பரேசன். தைப்பொங்கலுக்கு முன் ஊருக்கு வந்துவிட்டா.

விசாரணை மூன்று கிழமை நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மேலாளர், மகேசனை வீட்டுக்கு அனுப்பினால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தார். பரீதா மிஸ் விடவில்லை. அவ எழுதிய அறிக்கையில் மூன்று பெயர் இருந்தது. மகேசன் பிழையான எண் போட்டான், எழுதவில்லை. நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். மூன்றாவது பெயர் அவவுடையது. பத்து அம்பியர் பிரேக்கர் கேட்டுத் தான் கொழும்புக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளை வைத்து, 'பதில் வராதபோது நான் விடாமல் கேட்டிருக்கவேண்டும். ஆள் பற்றாத நேரத்தில் பறப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கவேண்டும்' என்று எழுதியிருந்தா. அதை வாசித்த பிறகு மேலாளரால் ஒருவரை மட்டும் அனுப்ப முடியவில்லை. மிஸ்ஸுக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு ஆறு மாதம் கையெழுத்து அதிகாரமில்லை. மகேசனுக்கு ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் அவன் விமானம் கழுவினான். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவவேண்டும். ஒரு நாளும் பிந்தி வரவில்லை.

என்னோடு பேசவும் இல்லை. விசாரணை முடிந்த அன்று மட்டும் சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னான்: "நீங்க சொன்னது பிழையில்ல. ஆனா என்ட பேரை நீங்க என்னத்துக்குச் சொன்னீங்க? எண்ணை மட்டும் வாசிச்சிரிக்கலாம். ஆர் போட்டதெண்டு மிஸ் கேட்டிருப்பா. நானே சொல்லியிருப்பன் அண்ணன். அத நீங்க எடுத்திட்டீங்க."

விமானத்தை நிறுத்தியது சரி. அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அன்று விமானத்துக்குள் வைத்து அவனுடைய பெயர் முதலிலும் என்னுடையது பிறகும் என் வாயிலிருந்து வந்தன. பயத்தில் வந்ததா, நேர்மையில் வந்ததா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். தான் செய்ததைத் தானே ஒப்புக்கொள்ள ஒரு மனிதனுக்கு அரை நிமிசம் தேவைப்படும். அந்த அரை நிமிசத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போனது. அவனுக்கு அதிகாரம் திரும்பக் கிடைத்தது. பழையபடி ஒரே மேசையில்தான் வேலை. சாவி கேட்பான், எண் சொல்வான், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்கு லீவு நாள், படலையில் மோட்டர் சைக்கிள் சத்தம். மகேசன். இறங்கவில்லை. இயந்திரத்தையும் நிப்பாட்டவில்லை.

"என்ன மகேசன், உள்ளுக்கு வா."

"இல்லண்ணன். வசந்தியப் பின்னேரம் கொழும்புக்கு ஏத்துறாங்க. வயித்தில கட்டி. இஞ்ச ஏலாதாம்." இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான். "பறப்புக்கு முந்தின சோதனை இண்டைக்கு என்ட முறை. என்ட மனிசி போற பிளேன நான் பார்க்கக் கூடாது. மிஸ்ஸிட்டச் சொல்லிட்டன். ஆர் வேணும் எண்டு கேட்டா."

நான் அவனைப் பார்த்தேன்.

"உங்களச் சொன்னன்" என்றான்.

சாரத்தை மாற்றிக்கொண்டு பின்னால் ஏறினேன். அன்று அந்த விமானத்தில் நான் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தேன். வழக்கமாக நாற்பது நிமிசம் போதும். ஒவ்வொரு பிரேக்கரையும் தொட்டு, வெளியே நிற்கிறவனுக்குக் கேட்கும்படி எண்ணை வாசித்தேன். மகேசன் ஹங்கர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் புத்தகத்தில் கையெழுத்து வைத்து, அவனுக்குக் காட்டினேன். அவன் வாசிக்கவில்லை. மூடிக் கொடுத்தான்.

வசந்தியை ஏற்றினார்கள். கூடப் போக ஒரு இடம்தான், அதில் அவளுடைய அக்கா போனா. விமானம் ஓடி எழும்பி, வாவிக்கு மேலே சரிந்து, மேற்கே திரும்பியது. சத்தம் அடங்கும்வரை நின்றோம்.

நான் வீட்டுக்குப் போக பஸ் நேரம் பார்த்தேன்.

"அண்ணன்" என்றான் மகேசன். "இறங்கிற செய்தி வர ஒரு மணித்தியாலம் ஆகும். எனக்குத் தனிய இருக்க ஏலா."

ஹங்கர் நிழலில் இரண்டு கதிரையை இழுத்துப் போட்டான். ஒன்றில் நான் இருந்தேன்.